மறுமுனையில் யார்?

கழக மாற்றங்கள் பற்றிய செய்தி கசிந்தால் வெள்ளவத்தை காலி வீதித் தேத்தண்ணிக்கடைகளில் இரண்டு நாளைக்கு வேறு பேச்சு எடுபடாது. இம்முறை அந்தப் பேச்சு முழுவதும் ஒரே ஆளைச் சுற்றியே நடந்தது. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் டென்னிஸ் பந்தோடு வளர்ந்தவர். வலக்கை ஓஃப் சுழற்பந்து வீச்சாளர். தேசியக் குழாமின் வாசல்வரை போய்த் திரும்பியவர். வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. நட்சத்திரங்கள் நிறைந்த பெரிய கழகத்தை விட்டுவிட்டு, புள்ளிப் பட்டியலின் நடுவில் கிடக்கும் ஒரு கழகத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெயர் இங்கே தேவையில்லை. சனிக்கிழமைகளில் மைதானம் போகிறவர்களுக்கு ஆளைத் தெரியும்.

கடைவாசலில் மூன்று தீர்ப்புகள் வந்தன. "காசுக்குப் போயிட்டார்" என்றார்கள் சிலர். "ஆள் முடிஞ்சுது, அதுதான் சின்ன இடம் பார்க்கிறார்" என்றார்கள் வேறு சிலர். விசயம் தெரிந்தவர்களாகக் கருதப்படுகிறவர்கள், தட்டையான ஆடுகளத்தில் அடி வாங்கிக் களைத்துப்போய், பந்து திரும்பும் மைதானம் தேடிப் போகிறார் என்றார்கள்.

மூன்றும் பிழை.

காசுக் கதையை முதலில் முடித்துவிடலாம். காசு வேண்டுமென்றால் அது லங்கா பிரீமியர் லீக்கில் இருக்கிறது. 2023இலிருந்து அங்கே ஏலமே நடக்கிறது. ஆனால் அங்கே ஒரு பந்துவீச்சாளருக்கு நான்கு ஓவர்கள்தான். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வேண்டுமென்றால் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் என்று சீருடை அணிகள் இருக்கின்றன. அலுவலக வேலையோடு விளையாட வேண்டுமென்றால் வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான கிரிக்கெட் இருக்கிறது. இந்த வாசல்களில் எதையும் தட்டாமல் மூன்று நாள் ஆட்டத்தைத் தேடிப் போகிற மனிதரைப் பார்த்துக் காசுக்காரர் என்று சொல்வது நியாயமில்லை.

ஆடுகளக் கதை கொஞ்சம் கெட்டித்தனமானது, அதனாலேயே ஆபத்தானது. கொழும்பு மைதானங்களுக்கு நாம் ஒருமுறை பட்டம் கட்டிவிட்டால் பிறகு அவிழ்ப்பதில்லை. மேட்லண்ட் பிளேஸில் 2006 ஜூலையில் மூன்றாவது விக்கெட்டுக்கு 624 ஓட்டங்கள் சேர்ந்தன. அன்றிலிருந்து அது பந்துவீச்சாளர்களின் சுடுகாடு. பொரளையில் பாக்கியசோதி சரவணமுத்து பெயரால் விளங்கும் ஓவல் மைதானத்தில் பந்து எழும்பும். நாட்டின் முதலாவது டெஸ்ட் 1982இல் ஆடப்பட்டது அங்கே. முதலாவது டெஸ்ட் வெற்றி 1985இல் வந்ததும் அங்கேதான். ஆகவே அது பந்துவீச்சாளர்களின் கோயில். இப்படித்தான் பேசிப் பழகிவிட்டோம்.

ஆனால் கெத்தாராமையை எடுத்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரம். 1997 ஓகஸ்டில் டெஸ்ட் வரலாற்றின் மிகப் பெரிய இனிங்ஸ், ஆறு விக்கெட்டுக்கு 952, குவிந்தது அந்த மைதானத்தில். 2024 ஓகஸ்டில் அதே மைதானத்தில் நடந்த மூன்று ஒருநாள் ஆட்டங்களில் விருந்தினர் அணி சுழற்பந்துக்கு மட்டும் 27 விக்கெட்டுகளைக் கொடுத்தது. இடம் ஒன்று, பெயர் ஒன்று; மண்ணும் காலமும் ஆட்ட வகையும் வேறு. இதையெல்லாம் இருபது வருடமாகக் கையால் தொட்டுப் பார்த்த ஒருவர், மைதானத்தின் பழைய பட்டத்தை நம்பிக் கடைசி இரண்டு மூன்று பருவங்களை அடகு வைப்பாரா?

அவர் தேடியது மைதானத்தை அல்ல, ஓர் ஆளை. புதிய கழகத்தில் உயரமான, இளம் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் இருக்கிறார். இந்தக் கையெழுத்தின் முழு இரகசியமும் அந்தப் பொடியனின் காலடியில் கிடக்கிறது.

ஓஃப் சுழல் வலக்கைத் துடுப்பாட்ட வீரருக்கு வெளியிலிருந்து உள்ளே திரும்பும். ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே கரடுமுரடான இடமொன்று இருந்தால், அதில் விழுந்து திரும்பும் பந்து எவ்வளவு எழும்பும், எவ்வளவு திரும்பும் என்று யாராலும் கணிக்க முடியாது. அந்தக் கரட்டை உண்டாக்குவது வேகப்பந்து வீச்சாளர்களின் பாதங்கள். பந்தை விட்ட பிறகு அவர்கள் ஓடி இறங்கும் தடம், அவர்கள் வீசும் முனையிலேயே பதியும். எதிர்முனையிலிருந்து வரும் சுழலுக்கு அது இலக்காகும். வலக்கைக்காரர் நடுவருக்கு இடப்புறமாக வந்து பதிக்கும் தடம், அந்த முனையில் நிற்கும் வலக்கைத் துடுப்பாட்ட வீரரின் கால் பக்கத்தில் விழுகிறது. ஓஃப் சுழலுக்கு அதனால் பெரிய பிரயோசனமில்லை. நடுவருக்கு வலப்புறமாக வரும் இடக்கைக்காரரின் தடம்தான் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே, கேட்டு வாங்கியதுபோல் விழுகிறது.

விதியும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. நடு ஸ்டம்பின் கோட்டிலிருந்து இருபுறமும் ஓர் அடி, துடுப்பாட்டக் கோட்டிலிருந்து ஐந்து அடிக்கு அப்பால், பாதுகாக்கப்பட்ட பகுதி. அதில் கால் வைத்தால் நடுவர் எச்சரிப்பார். மூன்று ஸ்டம்புகளின் மொத்த அகலம் ஒன்பது அங்குலம். கணக்குப் போட்டால் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே ஏழரை அங்குலத்தில் பாதுகாப்பு முடிகிறது. அங்கிருந்துதான் நியாயமான குழி தொடங்குகிறது. அந்தத் தூரத்தில் விழுந்து உள்ளே வரும் பந்தைக் காலால் தடுப்பதா, மட்டையால் தடுப்பதா, விட்டுவிடுவதா? மூன்றாம் நாள் மதியம் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த துடுப்பாட்ட வீரர் கழகக் கிரிக்கெட்டில் அரிது.

இடக்கைத் துடுப்பாட்ட வீரர்கள் வந்தால்? அவர்களுக்கான குழியை வலக்கை வேகப்பந்து வீச்சாளர்கள் எல்லாக் கழகத்திலும் இலவசமாகத் தோண்டித் தருவார்கள். வலக்கையருக்கான குழிக்குத்தான் தட்டுப்பாடு. அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கத்தான் நம் மனிதர் கழகம் மாறினார்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகள் எடுத்த கண்டிக்காரரின் மணிக்கட்டைப் பற்றி உலகம் எழுதித் தீர்த்துவிட்டது. அதே காலத்தில் அதே அணிக்குப் புதிய பந்தை எடுத்துக்கொண்டு ஓடி 355 விக்கெட்டுகள் சேர்த்தவர் ஓர் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் என்பதையும், அவருடைய பாதங்கள் மறுமுனைக்கு என்ன கொடுத்தன என்பதையும் எத்தனை பேர் எழுதினார்கள்? மேதைக்கு உதவி தேவைப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மேதையல்லாத, விரலால் மட்டும் பந்தைத் திருப்புகிற ஒருவருக்கு அந்த உதவிதான் பிழைப்பு. இங்கே பயன்படுத்தப்படும் கூக்கபுரா பந்தின் தையல் சீக்கிரம் படிந்துவிடும். தையல் படிந்த பிறகு விரலுக்குப் பிடி குறைவு, மண்தான் வேலை செய்ய வேண்டும்.

ஆட்டத்தின் இரண்டாம் நாள் மாலை அவரைக் கவனித்தால் இது விளங்கும். மற்றவர்கள் உடை மாற்றும் அறைக்கு நடக்கும்போது அவர் ஆடுகளத்தின் ஒரு முனையில் குந்தி இருப்பார். நல்ல நீளத்தில் இருக்கும் நடுப்பகுதியை அவர் பார்ப்பதே இல்லை. இடக்கைப் பொடியன் இறங்கிய தடத்தின் ஓரத்தைப் பெருவிரலால் அழுத்துவார். மண் பொடியாக உதிர்ந்தால் ஒரு முகம். ஈரக் களியாக ஒட்டினால் வேறு முகம். பிறகு எழும்பி, எதிர்முனையில் தான் பந்தை விடும் இடத்தில் நின்று, அந்தத் தடத்தையே ஒரு நிமிடம் பார்ப்பார். மறுநாள் காலை அணித்தலைவரிடம் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: தனக்கு எந்த முனை.

பழைய கழகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. அங்கே இரண்டு இளம் புதிர்ச் சுழலர்கள் இருந்தார்கள். பந்து பழசாகி, எண்பதாவது ஓவரில் புதிய பந்து கிடைப்பதற்கு முந்திய அந்த முப்பது ஓவர்கள்தான் ஓஃப் சுழலின் விளைநிலம். அதை மூன்று பேர் பங்கு போட்டால் ஒருவருக்குப் பத்து மிஞ்சும். பத்து ஓவரில் ஒரு துடுப்பாட்ட வீரரைப் பொறுமையிழக்க வைக்க முடியாது. புதிய கழகத்தில் அந்த முப்பதில் பாதி அவருடையது. நல்ல விக்கெட் காப்பாளரும், ஷோர்ட் லெக்கில் பயமில்லாமல் நிற்கும் ஒரு பையனும் கூடவே கிடைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க பேஸ்போல்காரர்கள் இந்த விசயத்தில் வெட்கப்படுவதில்லை. அங்கே பெரிய லீக் அணியில் இடமில்லாத மூத்த பந்து வீச்சாளர்கள் மைனர் லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, கழகத்தின் புகழைவிட வேறு கணக்குகளை முன்வைக்கிறார்கள். பெரிய லீக் அணியின் 26 பேர் பட்டியலில் தன் வேலையைச் செய்ய எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள்? அழைப்பு வராவிட்டால் எந்தத் திகதியில் விலகிப் போகலாம்? ஒப்பந்தத்திலேயே அந்தத் திகதியை எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. அடுத்தது, எந்த ஊரில் வீச வேண்டும்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கும் அல்புகெர்க்கி போன்ற நகரத்தில் காற்று மெல்லியது. பந்து அவ்வளவாக வளையாது, அடித்தால் வெகுதூரம் போகும். அங்கே ஒரு பருவம் வீசினால் கணக்குப் புத்தகம் கெட்டுவிடும். இப்படி யோசிக்கிற வீரரை அங்கே கெட்டிக்காரர் என்கிறார்கள். இங்கே அதையே செய்தவரை முடிந்துபோனவர் என்கிறோம்.

முடிந்துபோனவர்களைப் பற்றி இந்த நாட்டில் பேசும்போது 2009 ஜூலையை மறக்கக் கூடாது. அப்போது 31 வயதான ஓர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் தேசிய அணியில் இடமில்லாமல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் கழகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார். முதன்மைச் சுழலர் காயமடைந்ததால் தொலைபேசி வந்தது. காலிக்கு வந்து இறங்கி, கடைசி இனிங்ஸில் நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்தார். 2018இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 433 டெஸ்ட் விக்கெட்டுகள் இருந்தன. அவற்றில் முந்நூறுக்கும் மேற்பட்டவை அந்த அழைப்புக்குப் பிறகு வந்தவை. அழைப்பு வந்த நாளில் அவருடைய விரல்கள் பழக்கத்தில் இருந்தன. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு கழகம் வாரந்தோறும் அவருக்கு ஓவர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெரிய கழகத்தின் பன்னிரண்டாம் ஆளாகத் தண்ணீர்ப் போத்தல் சுமந்திருந்தால் அந்தக் கதையே இல்லை.

இனி வரப்போவதையும் சொல்லிவைக்கலாம். இந்தப் பருவத்தில் நம் கொட்டாஞ்சேனைக்காரர் பழைய கழகத்தில் இரண்டு பருவங்களில் எடுத்ததைவிட அதிக விக்கெட்டுகள் எடுப்பார். முதல் நாளில் அடி வாங்குவார். "நாங்கள் சொல்லவில்லையா" என்று கடைவாசலில் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் தேநீர் இடைவேளைக்குப் பிறகு சிரிப்பு அடங்கும். அந்த இடக்கைப் பொடியனுக்கும் இதில் இலாபம் உண்டு. ஒரு முனை அடைபட்டால் மறுமுனையில் அடிக்கத் துணிவார்கள், அவனுக்கு விக்கெட் விழும். தெரிவுக்குழுவின் கண் முதலில் அவன்மீதுதான் படும், அதற்குத் தகுதியும் உண்டு. அவனைத் தேசியக் குழாமுக்கு அழைத்துக்கொண்டால் மூத்தவரின் குழி மறுபடி வறண்டுபோகும். இந்தக் கணக்கில் இருக்கும் ஒரே பலவீனம் அது. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

இரண்டு பருவங்களுக்குள் மற்றக் கழகங்களும் விழித்துக்கொள்ளும். இடக்கை வேகப்பந்து வீச்சாளரையும் மூத்த ஓஃப் சுழலரையும் சோடியாகவே தேடி எடுக்கத் தொடங்குவார்கள். பெரிய கழகங்களின் வாங்கில் உட்கார்ந்து வயது போக்கும் இருபத்திரண்டு வயதுச் சுழலர்களில் சிலராவது பெற்றாரின் மறுப்பையும் மீறிச் சின்னக் கழகங்களுக்கு மாறுவார்கள். அப்படி மாறுகிறவர்களிலிருந்துதான் அடுத்த டெஸ்ட் ஓஃப் சுழலர் வருவார். புதிர்ப் பந்துக்குப் பின்னால் ஓடி ஓடி, நிதானமாக முப்பது ஓவர் வீசக்கூடிய விரல்காரர்களை இந்த நாடு கைவிட்டது பெரும் தவறு. அந்தத் தவறைத் திருத்த முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவரின் கையெழுத்து தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் ஒரு மூன்றாம் நாளாவது மைதானத்துக்குப் போங்கள். ஓட்டப் பலகைக்கு எதிரே இருக்காமல், ஆடுகளத்துக்கு நேர் பின்னால் ஒரு கதிரை பிடித்து, துடுப்பாட்ட வீரரின் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே இருக்கும் அந்தத் தடத்தைப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு கடைக்கு வந்து, அவர் ஏன் கழகம் மாறினார் என்று பேசுங்கள்.