ஆய்வுப் பொருளும் ஆய்வு வினாவும்

கலாநிதிப் பட்டத்துக்கெனச் சமர்ப்பிக்கப்பெறும் ஆய்வுத் திட்டங்கள் பலவற்றிற் பொருள் உண்டு, வினா இல்லை. இன்னாரின் நாவல்களிற் சமுதாயச் சிந்தனை, இன்னாரின் கவிதைகளிற் பெண்மை என்றவாறு தலைப்பு அமைந்ததும் ஆய்வும் அமைந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. பின்னர் நிகழ்வது தொகுத்தலும் வகுத்தலுமே. தொகுப்பு ஆய்வுக்கு இன்றியமையாதது. ஆயின் எதற்காகத் தொகுக்கின்றோம் என்பதை வினாவே உணர்த்தும்.

ஈழத்துத் தமிழாய்வு இவ்வேறுபாட்டை அறியாததன்று. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் க. கைலாசபதி மேற்கொண்ட ஆய்வு 1968இல் நூலாக வெளிவந்தது. சங்கச் செய்யுள்கள் அவருக்குப் பொருள். அவை வாய்மொழி மரபில் எழுந்த வீரயுகப் பாடல்களா என்பது வினா. கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் மரபுகளுடன் அவர் ஒப்புநோக்கியதும், மீண்டும் மீண்டும் வரும் வாய்பாட்டுத் தொடர்களை ஆராய்ந்ததும் அவ்வினாவின் தேவையினாலேயே. அப்பாடல்கள் பாணர் மரபைத் தழுவி எழுத்தறிவுடைய புலவர் இயற்றியவை என 1975இல் ஜோர்ஜ் ஹார்ட் வாதிட்டார். மறுத்துரைக்க இடமளித்தமை அவ்வினாவின் வலிமையாகும். பட்டியலை எவரும் மறுப்பதில்லை. அதனால் அறிவு வளர்வதுமில்லை.

முற்போக்கு அணியைச் சார்ந்த எம்மிடையேயும் ஒரு குறைபாடு காணப்படுகின்றது. ஒரு நாவல் வர்க்க முரண்பாட்டைப் பிரதிபலிக்கின்றதா எனக் கேட்போர் பலர், விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கின்றனர். 'ஆம்' என்பதற்கு மாத்திரம் இடமளிப்பதை வினா எனல் பொருந்தாது. மார்க்சியத்தை ஆயத்த விடைகளின் களஞ்சியமாகக் கொள்வோர் அதன் முறையியலையே கைவிட்டவராவர்.

ஓர் உதாரணம் நோக்குவோம். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலிற் சாதி என்பது தலைப்பு. 1966 ஒக்டோபரிற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்துடன் எழுச்சியுற்ற தீண்டாமை எதிர்ப்புப் போராட்டம், 1972இல் வெளிவந்த அந்நாவலின் வடிவத்தை எவ்வாறு பாதித்தது என்பது வினா. இதிலிருந்து துணை வினாக்கள் தாமே கிளைக்கும். கதையின் நாயகர் தனிமனிதரா, ஊர்ச் சமூகமா? பேச்சுவழக்கு உரையாடலுடன் நின்றுவிடுகின்றதா, கதைகூறலினுள்ளும் புகுகின்றதா? 1963இல் வெளிவந்த 'டானியல் கதைகள்' தொகுதியிலேயே இப்பண்புகள் முழுமையாகக் காணப்படுமாயின், போராட்டமே வடிவத்தை மாற்றியது என்னும் கருதுகோள் வீழும். எவ்வகைச் சான்று தன் முடிவைப் பொய்ப்பிக்கும் என்பதை முன்மொழிவிலேயே கூறும் துணிவு ஆய்வாளருக்கு வேண்டும்.

வினா சான்றின் இருப்பையும் கணக்கிற்கொள்ளல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இந்நிலையில், ஒரு நாவலை அதன் காலத்து வாசகர் எவ்வாறு வரவேற்றனர் எனக் கேட்பவர், அதற்கான பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் எங்கு எஞ்சியுள்ளன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவற்றைத் தேடிக் காத்தலும் எமது துறையில் ஆய்வின் பகுதியே.

தலைப்பைப் பல்கலைக்கழகம் பதிவுசெய்யலாம், வழிகாட்டுநரும் வழங்கலாம். வினாவையோ ஆய்வாளர் தாம் வாழும் சமூகத்தினின்றும் கண்டெடுத்தல் வேண்டும். அவ்வாறு எழுந்த வினாவுக்கான விடையையே அச்சமூகமும் தனதாக ஏற்கும்.