மலேசியத் தமிழ்ப் புனைகதையில் கள்ளுக்கடை: மலாக்கா வட்டாரத்தை முன்வைத்து ஒரு பார்வை

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் தோட்டம் வரும் இடத்தில் பெரும்பாலும் கள்ளுக்கடையும் வரும். பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோவில், தமிழ்ப்பள்ளி என்னும் வரிசையில் அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆயினும் மற்றவற்றுக்குக் கிடைத்த ஒன்று அதற்குக் கிடைக்கவில்லை. பெரட்டில் கங்காணி, கொட்டகையில் ஆயா, கோவிலில் பூசாரி, பள்ளியில் வாத்தியார் என்று ஒவ்வோர் இடத்துக்கும் முகமுள்ள பாத்திரங்களைப் படைத்த நம் எழுத்தாளர்கள், கள்ளுக்கடைக்குள் நின்று அளந்து ஊற்றியவரைப் பாத்திரமாக்க முனைந்தது மிகக் குறைவு. அவருக்கு மனைவி மக்கள் இருந்தனரா, கடை மூடப்பட்டபோது அவர்கள் எங்கே போயினர் என்பன கதைகளில் பேசப்படுவதில்லை. தலைமுறை தலைமுறையாக நடத்திய மதுக்கடையைக் கைநழுவ விடாமல் போராடும் குடும்பம் என்பது மேலைநாட்டுப் புனைவிலும் திரைப்படத்திலும் பழகிப்போன கதைப்பொருள். நம்மிடம் அது ஏன் வேர்கொள்ளவில்லை என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகின்றது.

முதல் விடை உரிமை பற்றியது. தோட்டக் கள்ளுக்கடை எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் சொந்தமாக இருந்ததில்லை. உரிமம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. நகரங்களில் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன. தோட்டக் கடையின் இலாபம் 'கள்ளு நிதி' என்னும் கணக்கில் சேர்க்கப்பட்டுத் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது காலனிய ஆட்சி வகுத்த ஏற்பாடு. இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். பால்மரம் சீவிப் பெற்ற கூலியைத் தொழிலாளி கள்ளுக்கடையில் கொடுத்தான். அதில் ஒரு பகுதி விழாச் செலவாகவும் விளையாட்டுத் திடலாகவும் அவனுக்கே 'நலன்' என்ற பெயரில் திரும்பி வந்தது. கூலி கொடுத்த கையே அதைத் திரும்பப் பெற்றது. பெற்றதில் சிறிது கிள்ளிக் கொடையாகவும் கொடுத்தது. இவ்வளவு கூர்மையான முரண் ஒன்று கண்முன்னே கிடக்க, நம் கதைகள் குடிகாரக் கணவனின் தள்ளாடும் நடையிலேயே கண்ணை நிறுத்தின.

கடையில் ஊற்றியவரும் மரத்தில் ஏறிக் கள் இறக்கியவரும் சம்பளத்துக்கு உழைத்தவர்களே. அவர்களுடைய நாள் எப்படி அமைந்தது என்பதைக் கள்ளின் இயல்பே முடிவு செய்தது. பாளையிலிருந்து இறங்கும்போது இனிப்பாக இருப்பது வெயில் ஏற ஏறப் புளிக்கும், மறுநாள் காடியாகிவிடும். இருப்பு வைத்து விற்கும் சரக்கன்று அது. அன்றைக்கு இறக்கியது அன்றைக்கே விற்றாக வேண்டும். காலையிலும் மாலையிலும் மரம் ஏறுதல், பாளை சீவுதல், கலயம் மாற்றுதல், வடிகட்டுதல், கூட்டம் கலைந்தபின் கடையைக் கழுவுதல் என்று ஓய்வற்ற ஒரு சுழற்சி. மழை பெய்தால் கள் நீர்க்கும். சம்பள நாளில் போதாமல் போகும். மாதக் கடைசியில் மிஞ்சும். ஒரு குடும்பத்தின் தாளத்தைத் தீர்மானிக்கும் தொழில் இது. கடையை ஒட்டியே கருவாடும் சுண்டலும் வறுவலும் விற்ற பெண்களின் ஒட்டுக்கடைகள் இருந்தன. ஆப்பமாவு புளிப்பதற்குக் கொஞ்சம் கள் வாங்கி வரச் சிறுவர்களை அனுப்பிய வீடுகள் இருந்தன. இவை யாவும் நாவலுக்குரிய செழிப்பான செய்திகள். நாவலாசிரியர்கள் இவற்றைத் தொடாமல் கடந்து சென்றமை வியப்புக்குரியது.

நம் மரபு இவ்வகைப் பார்வைக்குப் பகையானது என்று கூறிவிட முடியாது. பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கும் மகளிர் வருகின்றனர். அவர்கள் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாவதும், அச்சேற்றில் பன்றிகள் புரள்வதும் புலவர் கண்ணுக்குத் தப்பவில்லை. பட்டினப்பாலையின் புகாரில் கள் விற்கும் இடத்தைக் காட்டும் கொடி, மற்றக் கொடிகளோடு ஒன்றாகப் பறக்கின்றது. அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடிய கையறுநிலைப் பாடலில் கள் நட்பின் அளவுகோலாக நிற்கின்றது. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை இவற்றுக்கு எதிர்நிலையில் நின்று பேசுவது. ஒரே மரபுக்குள் இவ்விரு குரல்களும் இருக்க, மலேசியத் தமிழ்ப் புனைகதை திருக்குறளின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டது. அறநூலின் வேலையைக் கதையின் தலையில் ஏற்றியது என்றும் சொல்லலாம்.

இவ்வாறு நேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அதை எளிதாக ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலானோர் வழிநடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. 1947இல் பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் அது காவல்துறையோடு மோதலாக முற்றியது. அந்நாளில் கள்ளுக்கடையை எதிர்த்தல் என்பது வெறும் ஒழுக்கப் பிரசாரம் அன்று. அது நிர்வாகத்தை எதிர்த்த அரசியல் செயல். தன் கூலி எந்த வழியாகத் திரும்பப் போகின்றது என்பதைத் தொழிலாளி கண்டுகொண்டதன் அடையாளம் அது. தமிழகத்தில் பெரியார் தம் தோப்பின் தென்னைகளை வெட்டிச் சாய்த்த செய்தி இங்கும் மேடைகளில் போற்றப்பட்டது. ஆனால் அவர் வெட்டியவை அவருக்குச் சொந்தமான மரங்கள். இங்கே மறியல் செய்தவனுக்கு ஒரு மரமும் சொந்தமில்லை.

இந்த அரசியல் கூர்மை எழுத்துக்கு வந்தபோது மழுங்கியது என்பதே என் கருத்து. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, இந்நாட்டுச் சிறுகதைக்கு வடிவப் பயிற்சி அளித்தது. அப்பயிற்சியின் நன்மையை மறுக்க இயலாது. ஆனால் அதற்குப் பின்வந்த பல்லாண்டுகளில், போட்டிகளும் ஞாயிறு மலர்களும் வளர்த்த தோட்டக் கதைக்கு ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. சம்பள நாள், கணவன் கடைக்குப் போகின்றான், மனைவி லயத்து வாசலில் காத்திருக்கின்றாள், பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ தாலியோ போகின்றது, இறுதியில் ஒரு சாவு அல்லது ஒரு மனமாற்றம். இதில் நிர்வாகம் எங்கே? உரிமம் யாருடையது? கடையின் வருவாய்க் கணக்கை எழுதிய கிராணி எங்கே? 1941இல் வேலைநிறுத்தக்காரனுக்குத் தெளிவாகத் தெரிந்த எதிரி, வாய்பாட்டுக் கதையில் காணாமல் போய், அவன் இடத்தில் குடிகாரன் ஒருவனே குற்றவாளியாக நிற்கின்றான். சீர்திருத்த நோக்கில் எழுதப்பட்ட கதை, தான் அறியாமலே துரையை விடுதலை செய்துவிடுகின்றது.

மலாக்காவுக்கு வருவோம். இந்நாட்டில் வணிக நோக்கிலான இரப்பர்த் தோட்டம் தொடங்கிய மாநிலமே அதுதான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசாகானில் பெரிய அளவில் விரித்தார். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அதே புக்கிட் ஆசாகான் தொழிலாளர்கள் 1967இல் நீதி கேட்டுக் கோலாலம்பூர் வரை நெடும்பயணம் நடந்தே சென்றனர். இவ்வளவு வரலாறு உள்ள மண், நாவல் வரைபடத்தில் கெடாவும் சிலாங்கூரும் பெற்ற இடத்தைப் பெறவில்லை. மலாக்கா என்றவுடன் நம் கட்டுரைகள் காஜா பேராங்கின் செட்டி மக்களையும் துக்காங் எமாஸ் சாலைப் பொய்யாத விநாயகர் கோவிலையும் நாடிப் போகின்றன. பழைமையின் பெருமை அங்கே இருக்கின்றது. மெர்லிமாவிலோ ஜாசினிலோ ஒரு சாலையோரத்தில் நின்ற கடைக்குப் பழைமையும் இல்லை, பெருமையும் இல்லை.

1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டபோதும், கோவில், பள்ளி, கள்ளுக்கடை மூன்றும் ஒருங்கே இடம் இழந்தன. கோவிலை மீட்கக் குழுக்கள் அமைந்தன. பள்ளியை இடம்மாற்றக் கட்சிகளும் பெற்றோரும் முன்வந்தனர். கள்ளுக்கடைக்காகக் குரல் கொடுக்க எவரும் இல்லை. இருந்திருந்தாலும் அது நகைப்புக்கே இடமாகியிருக்கும். கடை போயிற்று, குடி போகவில்லை. சம்சுவும் மலிவு மதுவும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. கள்ளுக்கடையில் குடித்தவன் ஊரார் கண்ணெதிரே, பந்தலின் கீழ், நேரம் குறித்துக் குடித்தான். சம்சு குடித்தவன் மறைவில் தனியே குடித்தான். நவீனின் 'பேய்ச்சி' (2019) இந்த இரண்டாம் கட்டத்திலிருந்து எழுந்த நாவல். லுனாஸில் நேர்ந்த நச்சுச் சாராய மரணங்கள் அதன் பின்னணி. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அந்நாவலைத் தடைசெய்தபோது எழுந்த விவாதம் முழுவதும் அதன் கொச்சைச் சொற்களைப் பற்றியதாக அமைந்துவிட்டது. அதனால் வேறொன்று கவனிக்கப்படாமல் போயிற்று: சாராயத்தை ஒழுக்கக் கேடாகக் காட்டாமல், ஒரு சமூகத்தின் உடலுக்குள் இறங்கிய நஞ்சாகக் காட்டிய அரிய முயற்சிகளுள் அது ஒன்று. சொல்லாட்சி பற்றிய கருத்து வேறுபாடு எனக்கும் உண்டு. ஆயினும் வாய்பாட்டை உடைத்த நாவலை வாய்பாட்டுக் கதைகளோடு சேர்த்து எடைபோடுதல் முறையன்று.

சொந்தமில்லாத இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளப் போராடும் குடும்பத்தின் கதை நம்மிடையே எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பீடோங்கில் பிறந்த கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' (1981) நாவலில் பெரியதாய் என்னும் பாட்டி, தான் கட்டிய வீட்டுக்கு உரிமைப் பத்திரம் பெறாமலே இறக்கின்றாள். அவளுடைய மகன், ஆற்றோரத்தில் இன்னொரு வீட்டைக் கட்டி, அதைவிட்டு வெளியேற வேண்டும் என்றானபோது வீட்டோடு தன்னையும் தீக்கிரையாக்கிக்கொள்கின்றான். அவர்களுடைய தொழில் கள் அன்று, சலவை. எனினும் நம் வினாவுக்கு நெருங்கிய விடை இந்நாவலில்தான் இருக்கின்றது. காப்பாற்றுவதற்குச் சட்டப்படி எதுவும் இல்லாதவன் எதைக் காப்பாற்றுகின்றான்? மணியம் அதற்கு விளக்கம் தருவதில்லை. அடுப்பு, விளக்கு, பூசைப்பொருள் என்று வீட்டின் பொருள்களை ஒவ்வொன்றாக நம்முன் வைக்கின்றார். தமிழில் எழுதிய தோட்ட நாவலாசிரியர்களிடம் வேண்டியிருந்தது இந்தப் பொறுமையே.

தமிழகத்திலிருந்து ஒப்புக்கு ஒன்று காட்டுவதாயின் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) பொருந்தும். பனைவிளைக் குடும்பம் ஒன்றின் சரிவை லிஸியின் கண்வழி சொல்லும் அந்நாவல், பனையேறியின் மகன் தங்கராஜை நாயகனாக்குகின்றது. பனை அங்கே ஏறுகின்றவனின் கை, கால், நேரம் ஆகியவற்றால் அறியப்படும் மரம். நாவலாசிரியை குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. வீட்டைக் குடி அரிப்பதையும் மறைக்கவில்லை. ஆனால் மரத்தோடு பிழைத்தவனை மரத்தின் பயனுக்குப் பொறுப்பாளியாக்கி ஒதுக்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பேணுவது கடினம். நம் தோட்டக் கதைகள் பெரும்பாலும் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

தமிழாசிரியர்கள் இவ்விதழின் வாசகர்கள் ஆதலின் ஒன்றைச் சொல்லத் தோன்றுகின்றது. மதுவின் கேடு என்னும் கட்டுரைத் தலைப்பு நம் வகுப்பறையின் நிரந்தர விருந்தாளி. அதை எழுதும் மாணவருள் கள் இறக்கியவரின் பேரன் இருக்கலாம். கடைவாசலில் வறுவல் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவளின் பேத்தி இருக்கலாம். அவர்கள் அத்தலைப்பில் எழுதும் எந்த வாக்கியத்திலும் தம் வீட்டைக் கொண்டுவர இயலாது. வாய்பாடு அதற்கு இடந்தராது. புனைகதையில் கண்ட அதே வெற்றிடம் இங்கே மாணவரின் தாளில் திரும்ப விழுகின்றது.

மலாக்காத் தோட்டங்களில் கள் இறக்கியவர்களுள் இன்று உயிரோடு இருப்போர் முதியவர்கள். எத்தனை மரம் ஒருவருக்கு, ஒரு கலயத்துக்கு என்ன கூலி, மீந்த கள் என்னவாயிற்று, கடை மூடிய அன்று அளவுக் குவளையை யார் எடுத்துச் சென்றார் என்பன அவர்களிடமே கேட்கத் தக்கவை.