அச்சில் குறிஞ்சி நீலம்

நீலக்குறிஞ்சியின் நிறத்தைக் காகிதத்தில் கொண்டுவருவது அச்சுக்கூடத்தின் நிறத்திருத்தக் கலைக்குக் கடினமான தேர்வு. இடுக்கி மாவட்டத்தின் இரவிகுளம், வட்டவடை, கோவிலூர் மலைச்சரிவுகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் இந்தப் பூ 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பெருவாரியாகப் பூத்தது. நாட்காட்டி, வாழ்த்து அட்டை, சுற்றுலாக் கையேடு எனப் பல வடிவங்களில் அது அச்சேறுகிறது. சிலவற்றில் பூ கத்தரிப்பூ நிறமாகிவிடுகிறது. சிலவற்றில் வெளிறிய ரோஜாவாகிவிடுகிறது. மலையில் கண்ட நீலம் அப்படியே நிற்கும் படங்கள் குறைவு. அந்தக் குறைவான படங்களுக்குப் பின்னால் இருக்கும் கைத்திறன் ரசித்து அறியத்தக்கது.

சிக்கல் கேமராவிலேயே தொடங்குகிறது. நீலமும் ஊதாவும் கலந்த பூக்கள் பல, கண்ணுக்கு அரிதாகவே எட்டும் அடர்சிவப்பு, அகச்சிவப்புக் கதிர்களையும் வலுவாகப் பிரதிபலிக்கும். பிலிம் காலத்தில் இதனால் நீலப் பூக்கள் ரோஜா நிறமாகப் பதிந்தன. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டி இதைப் பெரிதும் தடுத்தாலும், சென்சார் நிறத்தைப் பார்க்கும் விதமும் கண் பார்க்கும் விதமும் ஒன்றல்ல. இரவிகுளத்தின் ராஜமலைச் சரிவில் மஞ்சும் நிழலும் ஒளியை நீலமாக்குவது அடுத்த சிக்கல். கேமராவின் தானியங்கி வெண்சமன் (ஒயிட் பேலன்ஸ்) அந்த நீலத்தைப் பிழை என்று கருதி நீக்கும்போது, பூவின் நீலமும் சேர்ந்து போய்விடுகிறது. எனவே தேர்ந்தவர்கள் சாம்பல் அட்டை ஒன்றை அதே ஒளியில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். கேமராவின் பதப்படுத்தாத ரா (RAW) கோப்பில் அந்த அட்டையை நடுநிலைக்குக் கொண்டுவருவதே திருத்தத்தின் முதல் படி.

அடுத்தது திரையிலிருந்து மைக்குப் போகும் பயணம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சு சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. ஒளிரும் நீலஊதாக்களில் பல, நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருப்பவை. 1993இல் தொடங்கிய சர்வதேச வண்ணக் கூட்டமைப்பின் (ஐ.சி.சி.) புரொஃபைல்கள் எனும் நிற விவரக் கோப்புகள் இந்த இரு உலகங்களுக்கிடையே மொழிபெயர்க்கின்றன. ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’ முறை எல்லைக்குள் இருப்பதைத் தொடாமல், வெளியே இருப்பதை விளிம்பில் வெட்டுகிறது. பூக்களுக்கிடையேயான நுண்ணிய வேறுபாடுகள் அங்கே தட்டையாகின்றன. ‘பெர்செப்சுவல்’ முறை எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கி, அவற்றின் உறவைக் காக்கிறது. சரிவு முழுதும் பூத்த காட்சிக்குப் பெரும்பாலும் இதுவே பொருந்தும். இன்னொரு பொறியும் உண்டு: லேப் (Lab) என்ற நிறவெளியில் நீலத்தின் செறிவைக் குறைத்தால் அது ஊதாவை நோக்கிச் சாயும். அதைக் கையால் திருப்ப வேண்டும்.

மைகளைக் கையாள்வதில்தான் கைத்திறன் முழுமையாக வெளிப்படுகிறது. சியான் மை தூயதல்ல. சிவப்போடு கொஞ்சம் பச்சை ஒளியையும் விழுங்குவதால், மஜந்தா ஏற்கெனவே கலந்தது போல நடந்துகொள்ளும். சியானும் மஜந்தாவும் 100க்கு 100 சேர்ந்தால் கிடைப்பது நீலமல்ல, ஊதா. ஆகவே குறிஞ்சி இதழில் மஜந்தா எப்போதும் சியானுக்குக் கீழே நிற்க வேண்டும். மஞ்சள், இதழின் பகை நிறம். சற்றே மிகுந்தாலும் பூ சேறாகும். ஆனால் அதை முழுதும் துடைத்தால் இதழின் மடிப்பும் குழலின் ஆழமும் மறைந்து பூ வெறும் நிறத்திட்டாகிவிடும். நிறத்துக்கு வேண்டாத மைதான் வடிவத்தைச் சுமக்கிறது. அந்தத் துளி மஞ்சளையோ கறுப்பையோ நிழலில் மட்டும் விட்டுவைப்பவரே தேர்ந்த திருத்துநர். இலையில் அதே வேலையை மஜந்தா செய்கிறது.

பூவின் நீலம் அக்கம்பக்க நிறங்களையும் சார்ந்தது. மழைக்குப் பிந்தைய புல்வெளியிலும் தேயிலைக் கொழுந்திலும் மஞ்சள் ஓங்கியிருக்கும். சோலைக்காட்டில் சியான் ஓங்கியிருக்கும். செறிவை ஒரே இழுப்பில் கூட்டினால் மூன்று பச்சைகளும் ஒன்றாகும். நீலமும் தனித்துத் தெரியாது. நடுநிலை நிறங்களே தராசு. இரவிகுளத்து முதிர்ந்த ஆண் வரையாட்டின் முதுகில் உள்ள வெள்ளிச் சாம்பல், பாலக்காட்டின் நெல்லியாம்பதியிலும் அமைதிப் பள்ளத்தாக்கிலும் வாழும் சிங்கவால் குரங்கின் சாம்பல் பிடரிமயிர் ஆகியவற்றில் நிறச்சாய்வு தெரிந்தால் படம் முழுவதுமே சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஆப்செட்டில் நடுச் சாம்பலுக்கு சியான் 50, மஜந்தா 40, மஞ்சள் 40 என்பது நெடுங்கால அளவுகோல்.

பிறகு காகிதம். ஆர்ட் பேப்பரின் ஒளியூட்டிகள் வெள்ளையை நீலமாக்கிக் குறிஞ்சிக்கு உதவும். பூச்சில்லாத மேப்லித்தோ காகிதம் மையை உறிஞ்சி நிறத்தை மங்கச் செய்யும். கிழக்கே சிவகாசியில் ஆப்செட்டுக்குப் பிளேட் போடும் வேலைக்கும், ஊர்க்கடையின் டோனர் இயந்திரத்துக்கும் ஒரே கோப்பு பொருந்தாது. ஒவ்வொரு காகிதத்துக்கும் தனிப் புரொஃபைல் வேண்டும். குறிஞ்சி பூக்கும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மலையில் மழைக்காலம். ஈரம் ஏறிய காகிதத்தில் டோனர் சீராகப் படியாது. அதனால் இயந்திரத்தை அடிக்கடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வயலட் மையைக் கூடுதலாகக் கொண்ட ஹெச்.பி. இண்டிகோ, எப்சன் இயந்திரங்கள் நான்கு மைகள் எட்டாத நீலஊதாவையும் எட்டுகின்றன.

கடைசியில் மாதிரி அச்சான புரூஃபை 5,000 கெல்வின் ஒளியில் வைத்துப் பார்க்கிறார்கள். ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் தரும் டெல்டா ஈ எண், ஒரு நிறக் கட்டம் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும். பக்கத்துப் பச்சையோடு அந்த நீலம் எப்படி நிற்கிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். கருவி பிழையைக் காட்டுகிறது; தீர்ப்பு கண்ணுடையது.

குறிஞ்சியை மலையில் உள்ளதைவிட நீலமாக்குவது எளிது, அது திருத்தமாகாது. புல் புல்லாகவும் மஞ்சு மஞ்சாகவும் இருக்க, இளநீலம் தானே தெரியும்படி அடக்கத்தோடு நிறுத்துவதே சிறந்த திருத்தம். அடுத்த பெரும்பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அதைப் படமெடுப்போர் சாம்பல் அட்டையையும், அச்சிடுவோர் ஒரு புரூஃபுக்கான பொறுமையையும் இப்போதே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.