கீறல் சோதனையும் புற்றுநோய்ப் பரவலும்

நுரையீரல் புற்றுநோய் பரவுவதை மஞ்சள் தடுக்கிறது என்று ஒரு வாரம் செய்தி வருகிறது; அடுத்த வாரம் அதே பெருமை வெங்காயத்தின் குவெர்செடினுக்கோ திராட்சையின் ரெஸ்வெரட்ராலுக்கோ போகிறது. பெரும்பாலும் இவற்றுக்குச் சான்று, ஆய்வுக்கூடத் தட்டில் வளர்ந்த செல்கள் மட்டுமே.

தாவர வேதிப்பொருள்களின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. பாக்லிடாக்சல் பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்தது. வினோரெல்பின் நித்தியகல்யாணியின் வேதிப்பொருளிலிருந்து உருவானது. இரண்டும் நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்தாயின, மனிதர்களிடம் சோதித்துத் தேறிய பிறகு.

பரவலைத் தடுப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் பலவும் கீறல் சோதனையை நம்பியிருக்கின்றன. தட்டை நிறைத்து வளர்ந்த செல்களின் நடுவே கோடு கிழித்து, வேதிப்பொருளை ஊற்றி, 24 மணி நேரம் கழித்து இடைவெளியை அளக்கிறார்கள். கோடு மூடாவிட்டால் பரவல் தடுக்கப்பட்டதாக எழுதிவிடுகிறார்கள். செல்கள் நகரவில்லையா, பெருகவில்லையா, நஞ்சு தாங்காமல் மடிந்தனவா? இதைப் பிரித்துக் காட்டாத ஆய்வு எதையும் நிறுவவில்லை.

உடலில் நடக்கும் பரவலோ வேறு. செல் கட்டியை விட்டுப் பிரிய வேண்டும். ரத்தத்தில் நுழைய வேண்டும். நோயெதிர்ப்புச் செல்களிடம் தப்பி மூளையிலோ எலும்பிலோ வேர்விட வேண்டும். இந்த நெடிய பாதையைக் காட்ட ஒரு தட்டால் இயலாது. அதிலும் இவ்வாய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஏ549 செல்வரிசை, 1972இல் ஒரே ஒருவரின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது.

அளவுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. தட்டில் மஞ்சளின் வேதிப்பொருளான குர்குமினை 10, 20 மைக்ரோமோலார் என்று தாராளமாக ஊற்றுகிறார்கள். 2001இல் தைவானில் நடந்த ஆய்வில் நாளுக்கு 8 கிராம் விழுங்கியவர்களின் ரத்தத்தில் அதன் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலாரைக்கூட எட்டவில்லை. குடலும் கல்லீரலும் அதை விரைவில் உருமாற்றிவிடுகின்றன. குர்குமின் பற்றிய 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைச் சுட்டிய 2017ஆம் ஆண்டின் மதிப்பாய்வுக் கட்டுரை, போலி மருந்தோடு ஒப்பிட்ட இருமறைச் சோதனை எதுவும் வெற்றி பெறவில்லை என்றே முடிவுகட்டியது.

தட்டுக்கு வெளியே தீங்கும் நேரலாம். பின்லாந்தில் ஏறத்தாழ 29,000 புகைபிடிப்போரிடம் நடந்த தடுப்புச் சோதனையின் முடிவு 1994இல் வெளியானது: கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

ரத்தத்தில் எட்ட முடியாத அளவில் செய்த சோதனையை இதழாசிரியர்கள் 'பரவல் தடுப்பு' என்ற தலைப்பில் வெளியிடக் கூடாது. நோயாளிகள் இத்தகைய செய்தியை நம்பிச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். மூலிகை மாத்திரை எதை எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.