தபாலில் வளர்ந்த நூல்: கூட்டு ஓவிய நூலும் அதன் கண்காட்சியும்

2005ஆம் ஆண்டு மே மாதம் இலங்கையில் நான்கு ஓவியர்கள் ஒருவருக்கொருவர் தபாலில் சித்திரம் அனுப்பத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் தாமோதரம்பிள்ளை சனாதனன். தெற்கே முஹன்னத் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க. வந்த சித்திரத்தைப் பார்த்து அதற்கு மறுமொழியாகத் தாமும் ஒன்று வரைந்து அனுப்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஓராண்டுக்கென்று போட்ட திட்டம் 2007 அக்டோபர் வரை நீண்டது. கடைசியில் கையில் இருந்தவை 208 சித்திரங்கள். 2008இல் ஷர்மினி பெரேராவின் 'ரேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் அவற்றை ஒரே நூலாகக் கொண்டுவந்தது. 'தி ஒன் இயர் டிராயிங் புராஜெக்ட்' என்பது அதன் பெயர். மறு ஆண்டே அந்தச் சித்திரங்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்த ஆறாவது ஆசிய பசிபிக் மூவாண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றன.

நம் ஊர்களில் பழகிய வரிசை வேறு. மண்டபம் கிடைக்கும் தேதி முதலில் முடிவாகும். பிறகு ஓவியர்களைக் கூப்பிடுவார்கள். திறப்பு விழா நெருங்கும்போது அவசர அவசரமாக ஒரு மலர் அச்சுக்குப் போகும். முதல் சில பக்கங்கள் வாழ்த்துரை. அதன்பின் ஆளுக்கொரு பக்கம், மூலையில் ஒரு பாஸ்போர்ட் படம். கண்காட்சி முடிந்த பிறகு அந்த மலரை யாரும் திரும்பப் புரட்டுவதில்லை. இலங்கை நால்வரும் பெரேராவும் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். அவர்களுக்கு நூல்தான் படைப்பு, கண்காட்சி அதன் தொடர்ச்சி. ஒவ்வொரு சித்திரமும் தனக்கு முன்வந்ததைப் பார்த்து வரையப்பட்டதால் எந்தப் பக்கத்தையும் தனியே பிய்த்து எடுக்க முடியாது. கூட்டு நூல் என்ற பெயர் அதற்குத்தான் முழுதாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

அந்த இரண்டரை ஆண்டு எப்படிப்பட்ட காலம் என்பதையும் மறக்கக் கூடாது. 2006 ஆகஸ்டில் ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி இல்லாமல் போயிற்று. போர் மறுபடி மூண்ட நாட்டில், இரண்டு பக்கத்து ஓவியர்கள் தாளில் பேச்சை விடாமல் வைத்திருந்தார்கள். நால்வரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து நல்லிணக்கம் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1938இல் ஓவிய ஆசிரியர் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் ஓவியக் கழகம் ஆசிரியர்களையும் ஆர்வலர்களையும் சேர்த்து வரையவும் காட்சிக்கு வைக்கவும் பழக்கியது. அரை நூற்றாண்டு கழித்து, 1987இல், ஓவியர் அ. மாற்குவைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்ற தொகுப்பு வெளிவந்தது. அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர் முதலியோர் முன்னின்று செய்த வேலை அது. 1995இல் குடாநாட்டு மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது மாற்கு தம் ஓவியங்கள் பலவற்றை இழந்தார். 2000இல் அவரும் மறைந்தார். இன்று அவரைத் தேடிப் போகிறவனுக்கு அந்தத் தொகுப்புதான் முதலில் கைகொடுக்கிறது. சனாதனன் மாற்குவிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர். சுவரில் தொங்கியது போய்விடும், அச்சானது எங்காவது ஒரு வீட்டு அலமாரியில் பிழைத்துக்கிடக்கும் என்பதை அந்தத் தலைமுறை அனுபவத்திலேயே கண்டுகொண்டது.

சனாதனனின் அடுத்த நூலில் நான் இன்னும் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன். 2011இல் அதே பதிப்பகம் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' அது. ஒல்லாந்தர் ஆட்சியில் எழுதப்பட்ட காணிப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். இந்த நூலில் பதிவாகியிருப்பவை போரில் வீட்டை விட்டுப் போனவர்கள் நினைவில் வைத்திருந்த வீடுகள், மொத்தம் எண்பது. முதலில் வீட்டுக்காரரே தம் வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைகிறார். ஓவியம் பழகாத கை அது. அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு அதே வீடு கட்டட வரைபடமாக, அளவுக்கோட்டோடு மறுபடி வரையப்படுகிறது. பிறகு அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்ன நினைவுக்குச் சனாதனன் பாஸ்டலில் ஒரு சித்திரம் போடுகிறார். ஒரே வீடு மூன்று விதமான கோட்டில் வருகிறது. வீட்டுக்காரரின் கோட்டுக்கும் அளவுகோலின் கோட்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் விழுகிறதே, அங்கேதான் இந்த நூலின் உயிர் இருக்கிறது. பெரிதாக வரைந்த அறை எது, வரைய மறந்த கதவு எது என்று பார்த்தாலே அந்த வீட்டில் வாழ்ந்தவரைக் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது.

அட்டையில் சனாதனனின் பெயர் இருக்கிறது, உள்ளே எண்பது பேரின் கை இருக்கிறது. கூட்டு நூல் செய்கிறவர்கள் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. வரைந்தவர் யார், தொகுத்தவர் யார், மூலச் சித்திரம் யாரிடம் இருக்கும், விற்றால் யாருக்கு எவ்வளவு? எழுத்தில் போடாமல் தொடங்கிய கூட்டு வேலைகள் நட்பையும் சேர்த்துக் கெடுத்ததை நாம் இலக்கியத் தொகுப்புகளிலேயே நிறையப் பார்த்திருக்கிறோம்.

சென்னைப் பக்கம் கற்றுக்கொள்ள வேண்டியது பணத்தைப் பற்றி. 1944இல் தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கம் 1961இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற இதழை நடத்த ஆரம்பித்தது. கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பத்திக் துணி செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவாயிற்று. புரவலரைத் தேடி அலையாமல் கைத்தொழிலால் கலையை நிறுத்திய துணிச்சல் அது. ஆனால் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' ஆங்கில இதழ். தமிழ் வாசகனிடம் நவீன ஓவியத்தைக் கொண்டு சேர்த்தவை 'நடை', 'கசடதபற' போன்ற சிற்றிதழ்களும் அவற்றுக்கு வரைந்த ஆதிமூலம் போன்றவர்களும்தான்.

இனி நம் மண்ணுக்கு, மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு, வருகிறேன். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு சேரும் கோலா கெத்திலைச் சுற்றிப் பெடனோக், பத்து பெக்காக்கா என்று தோட்டங்கள். ஒரு காலத்தில் எல்லாம் பால்மரம். ஐம்பது, அறுபதுகளில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் கெடா மக்களும் வேரறுந்தார்கள். அதற்கு மறுமொழியாகத் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியதும் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். பிறகு செம்பனை வந்தது, தாமான் என்ற புதுக் குடியிருப்பு வந்தது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் போயிற்று. இந்த வாழ்க்கை எழுத்தில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. சுங்கை பட்டாணியின் சீ. முத்துசாமிக்கு 2017இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. ம. நவீனின் 'பேய்ச்சி' நாவல் லூனாஸ் மண்ணிலிருந்து எழுந்தது. எழுத்தாளர்களின் ஒளிப்படங்களைச் 'சடக்கு' மின்தொகுப்பு சேர்த்து வைக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள். எழுதாதவர்களின் நினைவு கோடாக வரலாம்.

லயத்தில் எத்தனை வீடு, குழாயடி எந்தப் பக்கம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து ஸ்டோருக்கு எந்த வழி, ஆயாக் கொட்டகை எங்கே, முனியாண்டி கோயில் எந்த மரத்தடியில்: இதையெல்லாம் பால்வெட்டிய அம்மாவோ தாத்தாவோ ஒரு தாளில் போட்டுக் காட்டட்டும். ஒரே தோட்டத்தை ஐந்து பேர் வரைந்தால் ஐந்தும் ஒன்றுபோல இராது. வேலையை மேற்பார்த்த மண்டோர் வீட்டுப் பிள்ளைக்குப் பங்களா பெரிதாக வரும், நிரைக்குப் பால்வெட்டப் போனவருக்கு மலைச்சரிவு பெரிதாக வரும். அந்த வேறுபாட்டைத் திருத்தாமல் அப்படியே வைத்து, அதற்கு மறுமொழியாக நம் இளம் ஓவியர்கள் வரைய வேண்டும். யாழ்ப்பாணத்து நூலை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. அங்கே வீட்டைப் பறித்தது போர். இங்கே குண்டு விழவில்லை. ஒரு கையெழுத்தில் தோட்டம் கைமாறியது. அதனால் நம் நூலின் அலகு தனி வீடு அல்ல, லயம். வரிசையாக ஒட்டிநின்ற வீடுகளை ஒருவர் மட்டும் வரைந்து முடிக்க முடியாது.

வேலையின் நடைமுறை ரொம்பச் சிக்கலானதில்லை, ஆனால் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவுத் தாள் கொடுத்துவிட்டால் ஸ்கேன் செய்வதும் பக்கம் போடுவதும் பாதியாகக் குறையும். 16 பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் நூலைத் திட்டமிட்டால் காகிதம் வீணாகாது. திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை அச்சில் மங்கிப்போகும். தோட்டத்தை வரைந்த நூலில் அது பெரிய இழப்பு. அதனால் அச்சகத்தில் மாதிரிப் படி எடுத்து, மூலத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் சம்மதம் சொல்லக் கூடாது. விரித்துப் பார்க்க வேண்டிய நூலுக்குப் பசை மட்டும் போதாது, நூல் தையல் வேண்டும். தேசிய நூலகத்தில் தரநூல் எண் (ISBN) வாங்கி, 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து படிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்துத் தேடுகிறவனுக்கு அந்த ஐந்து படிகள் இருக்கும்.

இதைவிடக் கடினமானது தொகுப்பாசிரியரின் வேலை. 'இது வேண்டாம்' என்று சொல்ல ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ஷர்மினி பெரேரா அந்த நால்வரில் ஒருவராக இல்லாதது அந்த நூலுக்குப் பெரிய பலம் என்று நினைக்கிறேன். குழுவில் மூத்தவர், நன்கொடை கொடுத்தவர், சங்கத் தலைவரின் மகன் என்று இடம் கொடுத்தால் நூல் அங்கேயே செத்துவிடும்.

கண்காட்சிக்கு அலோர் ஸ்டாரில் மாநிலக் கலைக்கூடம் உண்டு. அங்கே போகலாம், போகவும் வேண்டும். கெடாவின் யான் ஊரில் பிறந்த இப்ராஹிம் ஹுசைனை நாடறிந்த ஓவியராகப் பார்த்த மக்கள் தோட்டத்தை வரைந்த கோடுகளையும் பார்க்கட்டும். ஆனால் முதல் காட்சி, வரைந்தவர்கள் நடந்து வந்து பார்க்கக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும்: தமிழ்ப்பள்ளி மண்டபம், கோயில் மண்டபம், பொது நூலகம். 2004இல் 'அகம் புறம்' கண்காட்சி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில்தான் நடந்தது, 1981இல் எரிக்கப்பட்டு மீண்டெழுந்த அதே நூலகத்தில். சித்திரத்தின் நடுப்பகுதி பார்ப்பவரின் கண் மட்டத்துக்கு வருமாறு, தரையிலிருந்து சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டினால் முதியவர்களும் கழுத்து நோகாமல் பார்ப்பார்கள். நம் ஊர் ஈரத்தில் தாள் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். கண்காட்சி முடிந்ததும் மூலங்களை அமிலமில்லாத உறையில் போட்டு உலர்ந்த அறையில் வைக்க வேண்டும்.

பணம், மண்டபம், அச்சகம் மூன்றும் இன்னும் பத்து ஆண்டு கழித்தும் கிடைக்கும். லயத்தை நினைவிலிருந்து வரையக்கூடியவர்கள் இப்போதே எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கோலா கெத்தில், பாலிங், கூலிம், பாடாங் செராய் பக்கத்து ஓவிய ஆசிரியர்களையும் இளைஞர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: வருகிற பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு ஏ4 தாளும் பென்சிலும் கொடுத்து, அவர் பிறந்த லயத்தை வரையச் சொல்லுங்கள். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வரைந்த தேதியையும் அதே தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.