ஆணுக்கு ஒரு பெயர், வேலைக்காரிக்கு ஒரு பெயர்!

எறும்பைப் பற்றி எழுத இயற்பியல் ஆசிரியருக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் அளவை எடுப்பதும், எடுத்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வதும் எங்கள் தொழில். ஓர் உயிரினத்தை இனங்கண்டு விவரிப்பதும் பெரும்பாலும் அதே தொழில்தான். அந்த நோக்கில், மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழும் லெப்டனில்லா என்ற அரிய எறும்புப் பேரினத்தின் வரலாற்றைப் படித்துப் பார்த்தேன். வியக்கவும் இடமிருந்தது, குறை சொல்லவும் இடமிருந்தது. இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

கோர்சிகாத் தீவில் தொடக்கம்

1870-ஆம் ஆண்டு. இத்தாலிய விலங்கியலாளர் கார்லோ எமரிக்கு அப்போது வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை. கோர்சிகாத் தீவில் கிடைத்த ஓர் எறும்பை அவர் விவரித்து, லெப்டனில்லா ரெவலியரி என்று பெயரிட்டார். அதன் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். நிறம் வெளிர் மஞ்சள். கண்களே கிடையாது. இடை, இரண்டு சிறு கணுக்களாக இருக்கும். மண்ணுக்கடியிலேயே பிறந்து மண்ணுக்கடியிலேயே மடியும் உயிர்.

இதை அரிய எறும்பு என்கிறோம். 'அரிய' என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருள்? எண்ணிக்கையில் குறைவு என்றா, நம் கண்ணில் படுவது குறைவு என்றா? இரண்டும் ஒன்றல்ல. 1994-ஆம் ஆண்டில் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து மட்டும் நான்கு புதிய லெப்டனில்லாச் சிற்றினங்களை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவற்றில் இரண்டின் பெயர்கள் சரோனியா, புளூட்டோனியா. பழங்கதைகளில் வரும் பாதாள உலகின் படகோட்டியும் அரசனும் இப்படி எறும்புகளாகிவிட்டனர்! அந்த ஆண்டில் திடீரென்று எறும்புகள் பெருகிவிடவில்லை. தேடும் கண்கள் மண்ணுக்குள் இறங்கின, அவ்வளவுதான். எனவே ஓர் உயிரினத்தை அரியது என்று எழுதுபவர், எப்படித் தேடினோம், எவ்வளவு தேடினோம் என்பதையும் உடன் எழுத வேண்டும். இது என் முதல் குறை.

இரண்டு பட்டியல்கள்

அடுத்த சிக்கல் இன்னும் சுவையானது. லெப்டனில்லாவின் வேலைக்கார எறும்பும் இராணியும் பெண்கள், இரண்டுக்கும் சிறகில்லை. ஆணுக்கோ சிறகுண்டு, கண்களும் உண்டு. அது வெளியே பறந்து வந்து விளக்கொளியிலோ வலைப்பொறியிலோ சிக்கிக்கொள்கிறது. வேலைக்காரி மண்ணைத் தோண்டுபவர் கையில் கிடைக்கிறாள். இரண்டும் ஒரே கூட்டில் ஒன்றாகக் கிடைப்பது மிக அபூர்வம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் அண்ணன் தங்கை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

விளைவு என்ன? ஆண்களை வைத்து ஒரு பெயர்ப்பட்டியலும், வேலைக்காரிகளை வைத்து மற்றொரு பெயர்ப்பட்டியலும் வளர்ந்தன. டுனீசியாவின் கைரவான் நகரில் மருத்துவராக இருந்த ஃபெலிக்ஸ் சான்ச்சி, 1907-ஆம் ஆண்டையொட்டி ஆண்களை மட்டுமே கொண்டு பல சிற்றினங்களுக்குப் பெயரிட்டார். அவற்றுள் சில, முன்பே வேறு பெயர் பெற்றுவிட்ட வேலைக்காரிகளின் உடன்பிறப்புகளாக இருக்கக்கூடும். ஒருவருக்கே குடும்ப அட்டையில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறு பெயரும் இருப்பது போன்ற நிலை இது.

இந்தச் சான்ச்சியைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 1911-இல் அவர் செய்த சோதனையை எந்த இயற்பியல் ஆசிரியனும் வகுப்பில் சொல்லி மகிழ்வான். கூடு திரும்பும் எறும்புகளிடமிருந்து சூரியனை மறைத்துவிட்டு, எதிர்ப்புறத்திலிருந்து கண்ணாடியால் சூரிய ஒளியைப் பாய்ச்சினார். எறும்புகள் திசை மாறி நடந்தன! எறும்புகள் சூரியனைப் பார்த்து வழியறிகின்றன என்பதை இப்படி எறும்புகளையே கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். அத்தகையவர்கூடப் பெயரிடும்போது காய்ந்த உடலின் வடிவத்தை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. குறை அவருடைய அறிவில் இல்லை. அன்றைய முறையில் இருந்தது.

ஓர் அளவு, அளவாகுமா?

எறும்புகளை வேறுபடுத்துவோர் தலையின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். இது தலைச் சுட்டெண். எறும்பு பெரிதோ சிறிதோ, வடிவத்தை மட்டும் ஒப்பிட இது உதவும். நல்ல யோசனை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தலையின் அகலம் 0.30 மி.மீ., நீளம் 0.40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுட்டெண் 75. இரண்டு அளவுகளிலும் 0.01 மி.மீ. பிழை நேரலாம் என்றால் என்ன ஆகும்? அகலம் 0.29, நீளம் 0.41 என்றால் சுட்டெண் 71. அகலம் 0.31, நீளம் 0.39 என்றால் சுட்டெண் 79. அதாவது, ஒரே எறும்பை இருவர் அளந்தால் 71 என்றும் 79 என்றும் விடை வரலாம்! இந்நிலையில் 73-ம் 77-ம் வெவ்வேறு சிற்றினங்கள் என்று ஒருவர் வாதிட்டால் ஏற்க முடியுமா?

பிழை எல்லையைக் குறிக்காத மாணவனின் ஆய்வேட்டில் நான் கையெழுத்திடுவதில்லை. ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு, பிழை எல்லையும் சொல்லாமல், இனத்துக்குள்ளேயே எவ்வளவு மாறுபாடு உண்டு என்பதும் தெரியாமல் எழுதப்படும் விவரணைக்கும் அதே விதிதான் பொருந்தும். இது என் இரண்டாவது குறை.

யாவ்னெல்லாவின் பாடம்

1987-இல் யெஹோஷுவா குக்லர் இஸ்ரேலின் லெப்டனில்லா வகை எறும்புகளை ஆராய்ந்து, யாவ்னெல்லா என்ற புதிய பேரினத்தையே நிறுவினார். அதில் இரண்டு சிற்றினங்கள்: ஒன்று இஸ்ரேலிலிருந்து, மற்றொன்று நம் இந்தியாவிலிருந்து. இரண்டும் ஆண்கள் மட்டுமே. இவற்றின் வேலைக்காரி எப்படியிருப்பாள் என்பது முப்பத்தைந்து ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியவில்லை. ஈரானில் மண்ணடியிலிருந்து கிடைத்த நீண்ட கால்களையுடைய வேலைக்காரி ஒருத்தியின் டி.என்.ஏ.யை ஆண்களுடையதோடு ஒப்பிட்டு, அவள் யாவ்னெல்லாவைச் சேர்ந்தவள் என்று 2022-இல் காட்டினார்கள். பிறகு 2024-இல் ஸக்கரி கிரீபெனோவ் இந்தத் துணைக்குடும்பம் முழுவதையும் திருத்தி அமைத்தார். யாவ்னெல்லா லெப்டனில்லாவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. முந்திய பெயருக்கே முதலிடம் என்ற விதிப்படி 1870-இன் பெயர் நின்றது. 1987-இன் பெயர் மறைந்தது.

அப்படியானால் குக்லர் தவறு செய்தாரா? இல்லை என்பதே என் கருத்து. அவர் எதை வைத்துப் பெயரிட்டாரோ அந்த மாதிரியைச் சுட்டிக்காட்டி, மற்றவர்கள் சரிபார்க்கும்படி எழுதிவைத்தார். அதனால்தான் அவருக்குப்பின் வந்தவர்களால் திருத்த முடிந்தது. திருத்தக்கூடிய தவறு அறிவியலுக்குக் கேடன்று. சரிபார்க்க முடியாத உண்மைதான் கேடு. புதிய சிற்றினத்துக்குப் பெயரிடுவோர் மூலமாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட்டே தீரவேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலிருந்து பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதிகள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டாம். பேரினங்கள் ஒழுங்காயின, எந்த ஆண் எந்த வேலைக்காரிக்கு உடன்பிறப்பு என்ற சிற்றினக் கணக்கு இன்னும் தீரவில்லை. அதற்கு டி.என்.ஏ. மட்டும் போதாது, முழுக் கூடுகளும் வேண்டும். ஜப்பானிய லெப்டனில்லாவுக்குப் பெயர் கிடைத்தது 1977-இல். ஆனால் அது மண்ணில் வாழும் மெல்லிய பூரான்களை வேட்டையாடுகிறது, இராணி தன் புழுக்களின் உடல் திரவத்தையே பருகி உயிர்வாழ்கிறது என்பனவற்றை மசுகோ 1990-இல் எழுதிய பிறகுதான் அந்தப் பெயருக்கு உயிர் வந்தது.

மாணவ நண்பர்களே, கைப்பேசியில் ஒரு பூச்சியைப் படமெடுத்ததும் அதன் பெயரைக் கேட்கும் காலம் இது. கேளுங்கள், தவறில்லை. ஆனால் விடை வந்ததும் மேலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை மாதிரிகளைப் பார்த்துச் சொன்னது? எதை, எவ்வளவு பிழையோடு அளந்தது? சந்தேகம் வந்தால் சரிபார்க்க அந்த மாதிரி எங்கே இருக்கிறது? இம்மூன்றுக்கும் விடை இருந்தால் அது இனங்காணல். இல்லையென்றால், எவ்வளவு அழகான லத்தீன் பெயராயினும், அது வெறும் ஊகமே.