தீராத பண்டமும் திருடர் பட்டமும்

குழந்தைக்குத் தேவதைக் கதையே இனிக்கும் என்றார் நண்பர். இல்லை, உணவுக் கதையே இனிக்கும் என்றார் ஆஸ்திரேலியச் சிற்பி நார்மன் லிண்ட்சே. அவரே எழுதி, அவரே படமும் தீட்டிய 'மாயப் புட்டிங்' 1918-இல் வெளிவந்தது. ஸ்பிரிங்வுட் இல்லத்துத் தோட்டத்தில் சிமெண்ட்டால் சிலைகள் சமைத்த கை அது! மதவாதிகளின் சீற்றத்துக்கு அஞ்சாத கை. 1930-இல் அவருடைய 'ரெட்ஹீப்' நாவலுக்குத் தாய்நாட்டிலேயே தடை!

தின்னத் தின்னத் தீராத பண்டம். 'தின்னுங்கள்' என்று அதுவே அதட்டுகிறது. எனினும் மூவர் உடைமையாளராம், ஏனையோர் திருடராம்! தீராத பொருளுக்கு வேலி ஏன்? குழந்தை கேட்கும், ஆசிரியர் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் படித்தோம், ஆயினும் உறுத்துகிறது.

அதனினும் உறுத்துவது, அதே 1918-இல் இளைஞரைப் போருக்கு அழைக்கும் அரசுச் சுவரொட்டிகளையும் அவர் தீட்டியமை. புட்டிங்கை நம் பிள்ளைகளுக்குத் தருவோம், அச்சுவரொட்டிகளைத் தரமாட்டோம்.